மூன்று பாடல்களுக்கு 60,000 ரூபாய்

கேள்வி: என் மகன் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறான். தானே தமிழில் பாட்டெழுதி, மெட்டமைத்து, தன் அறையிலேயே ஒலிப்பதிவு செய்து மூன்று பாடல்களை இணையத்தில் வெளியிட்டிருக்கிறான். ஆயிரக்கணக்கானோர் கேட்டிருந்தும் வந்த பணம் இரண்டு மசால்தோசைக்குக் காணாது. இப்போது ஓர் இசை நிறுவனம் மூன்றுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். திரையுலகில் யாரையும் அறியாத பையனுக்கு இது பெரிய அங்கீகாரம் என்று நினைக்கிறேன். கையெழுத்திடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பாடப்போவதாக வேறு சொல்கிறான். இது ஒரு பிழைப்பாகுமா?
— ஒரு தகப்பனார், அல்சூர், பெங்களூர்.

பதில்: கையெழுத்திட வேண்டாம். நீங்கள் அங்கீகாரம் என்று எழுதியிருப்பது ஒரு கிரயப் பத்திரம். பெங்களூரில் ஒரு சைட் வாங்குவதென்றால் ஏ காத்தாவா (பத்திரம் சரியாக உள்ளது) பி காத்தாவா (குறை உள்ளது) என்று நான்கு பேரிடம் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கமாட்டீர்கள். மகனின் பாட்டை விற்பதற்கு மட்டும் நிறுவனத்தின் பெயர் போதும் என்று எப்படித் தோன்றியது?

உங்கள் மகனிடம் இருப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். பாட்டின் வரிகள் ஓர் உரிமை. மெட்டு இன்னோர் உரிமை. இரண்டும் சேர்ந்து பதிவாகிய ஒலி மூன்றாவது உரிமை. திரைப்படப் பாடலில் இவை கவிஞர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் என்று ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். தன் அறையில், தன் செலவில், தானே எழுதிப் பாடிய உங்கள் மகனுக்கு மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன, ஏனெனில் ஒலிப்பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவரையே சட்டம் அதன் தயாரிப்பாளர் என்று கொள்கிறது. வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் ‘நிரந்தரமாக’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தையும் உள்ளடக்கியது.

இனி அந்த நகல். ‘இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும்’ என்கிறது மூன்றாவது பத்தி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கையெழுத்திடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகப் பெயர் சுட்டி எழுதினாலன்றி, உரிமை மாற்றம் செல்லாது. ‘இனி எக்காலத்திலும் ராயல்டி கோரமாட்டேன்’ என்கிறது ஏழாவது பத்தி. அதே திருத்தம் இதற்கும் இடம் தரவில்லை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், உரிமையை வாங்கியவரோடு சரிசமமாக ராயல்டி பெறும் தகுதியைத் தம் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. செல்லாது என்று தெரிந்தும் இந்த வாசகத்தை அச்சடித்து அனுப்புவது, படிக்காமல் கையெழுத்திடுபவர்கள் பெருவாரியாக இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

ஆனால் சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட வேண்டாம். மேற்சொன்ன பாதுகாப்பு வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது. ஒலிப்பதிவின் உடைமையை விற்றால் அது விற்றதுதான். அந்த நிறுவனம் உண்மையில் குறிவைப்பது அதைத்தான். ஒருமுறை அது கைமாறிவிட்டால், தன்னுடைய பதிவின் ஒரு துண்டைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு மகன் தன் பக்கத்தில் ஒரு காணொளி போட்டாலும், ‘இந்த ஒலி வேறொருவருக்கு உரியது’ என்று யூடியூப்பிலிருந்து அறிவிப்பு வரும். விளம்பர வருமானமும் அந்த நிறுவனத்துக்கே போய்விடும். பெரும் புகழ் பெற்றாலும் கணக்குச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 2021இல் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த ஒரு தனித் தமிழ்ப் பாடலின் இசையமைப்பாளரே, அதிலிருந்து தமக்கு ஒரு ரூபாயும் வரவில்லை என்று மூன்றாண்டுகளுக்குப் பின் பொதுவெளியில் சொன்னார். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. அங்கே நியாயம் எந்தப் பக்கம் என்பது நம் வேலையல்ல. கேள்வியும் மறுப்பும் எழாதபடி கணக்குக் காட்டும் முறையை முதல்நாளே தாளில் எழுதிக்கொள்வது மகனின் வேலை.

வந்த பணம் மசால்தோசைக்குக் காணாததற்குக் காரணங்கள் உண்டு. இசைச் செயலிகளில் ஒருமுறை கேட்டால் இத்தனை பைசா என்ற நிலையான கூலி கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த தொகையை, மொத்தக் கேட்பில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில், 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்குப் பணமே கிடையாது. இதுவும் பாதிக் கணக்குத்தான். பாடல்களைச் செயலிகளில் ஏற்றிக்கொடுக்கும் விநியோகச் சேவை வழியாக வருவது ஒலிப்பதிவுக்கான பங்கு மட்டும். வரிகளுக்கும் மெட்டுக்குமான பங்கு, 1969இல் தொடங்கி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தின் வழியாக வர வேண்டியது. உங்கள் மகன் அதில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பதிந்தால்தான் அது வரும். சேர்ந்திருப்பதாக உங்கள் கடிதத்தில் குறிப்பு இல்லை. நிரலெழுதிப் பிழைக்கும் பிள்ளைகள் இந்த ஒரு படிவத்தை மட்டும் ஏன் ஒத்திப்போடுகிறார்கள் என்பது எனக்கு விளங்காத புதிர்.

பிழைப்பாகுமா என்றால், பாட்டு ஒன்றினால் மட்டும் ஆகாது; மேடை வேண்டும். இந்தியாவில் தனி இசைக்கலைஞர்களில் பெரும்பாலோரைத் தாங்குவது நேரடி நிகழ்ச்சிதான், அதிலும் கல்லூரி விழா, திருமணம், நிறுவனக் கொண்டாட்டம் ஆகியவை. பெங்களூரில் அந்த மேடையும் உறுதியானதல்ல. பொதுக் கேளிக்கை இடங்களுக்கான 2005ஆம் ஆண்டு உரிம ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்ன பிறகு, பல மதுக்கூடங்கள் பாட்டை நிறுத்தின. சொந்தப் பாட்டுக்கு இடம் கொடுத்த இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. எஞ்சியவற்றில் சனிக்கிழமை இரவு இந்தித் திரைப்பாடல்களுக்கே. சொந்தமாகத் தமிழில் எழுதுபவனுக்குச் செவ்வாயோ புதனோ கிடைத்தால் உண்டு. நம்மவர்களும் சளைத்தவர்களல்லர். இந்நகரத்தில் தமிழ் அமைப்புகளின் ஆண்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மெல்லிசைக் குழுவுக்குப் பணம் கொடுத்துப் பழைய திரைப்பாடல்களைப் பாடச் சொல்வார்கள், சொந்தப் பாட்டுக்காரனுக்குச் சால்வை போர்த்தி அனுப்புவார்கள். நீங்கள் ஏதேனும் ஒன்றில் பொறுப்பில் இருந்தால், அடுத்த விழாவில் அவனைப் போன்ற ஒருவருக்கு அரைமணி நேரமும் உரிய ஊதியமும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

வேலையை இப்போதே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மைக்ரோபயாலஜி படித்துத் தங்கப் பதக்கம் வாங்கிய பாடகர் ரகு தீட்சித், இதே நகரத்தில் பல ஆண்டுகள் பாடிய பிறகே 2008இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். ‘அகம்’ இசைக்குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நெடுங்காலம் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் மேடையேறினார். பகலில் சம்பளம் வருவதால் பாட்டின் தரம் தாழ்ந்துவிடுவதில்லை. மாறாக, அறுபதாயிரத்தைப் பார்த்து மனம் தடுமாறாமல் இருக்க அந்தச் சம்பளமே உதவும். ஒரு எச்சரிக்கை மட்டும்: வேலை நியமன ஒப்பந்தத்தில், பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே என்ற பொதுவாசகமோ, வெளியில் சம்பாதிக்கத் தடையோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இசைக்கு விலக்கு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

அந்த இசை நிறுவனத்துக்கு மகன் இப்படிப் பதில் எழுதலாம்: உரிமை மாற்றம் இல்லை, ஐந்தாண்டு உரிமம் (பயன்படுத்தும் அனுமதி) மட்டும், 60,000 ரூபாய் முன்பணம், அது ஈடானபின் வருமானத்தில் பாதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் என்று மூன்று இடத்திலும் அவன் பெயர். காலத்தை எழுதாமல் விட்டாலும் சட்டம் ஐந்தாண்டு என்றுதான் கொள்ளும் என்பதால், இதில் அவர்கள் திடுக்கிட ஒன்றுமில்லை. ஒத்துக்கொண்டால், கையெழுத்துக்கு முன் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். மறுத்தால், மூன்று பாடல்களும் இன்று இருக்கும் இடத்திலேயே, அவன் பெயரிலேயே இருக்கட்டும்.