பேட்டர்ன்படிதான் வெட்டினேன், வாத்து ஏன் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது?

கேள்வி: மல்லார்ட் ஆண் வாத்தின் பேட்டர்னைப் பிரின்ட் எடுத்து, மரத்தில் ஒட்டி, கோடு பிசகாமல் அறுத்துச் செதுக்கினேன். உயிரே இல்லை, சோப்புக்கட்டி போல இருக்கிறது. அலகு வேறு இரண்டு முறை முறிந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: கோட்டில் தவறில்லை. பேட்டர்ன் தருவது வாத்தின் நிழலை மட்டும்தான்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. இரண்டையும் அறுத்து முடித்தால் கையில் இருப்பது நான்கு மூலை உள்ள கட்டை. அதைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் தெரிய வேண்டும் என்று படம் சொல்வதில்லை. அதனால் பலரும் நான்கு மூலைகளையும் ஒரே அளவு மழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். சோப்புக்கட்டி பிறப்பது அங்கேதான்.

மிதக்கும் வாத்தின் உடல் நடு உயரத்தில் அகலமாக இருப்பதில்லை. அகன்ற இடம் கீழே, நீர்மட்டத்தை ஒட்டிச் சற்று மேலே இருக்கிறது. மேல்மூலையில் தாராளமாக எடுங்கள், கீழ்மூலையில் கஞ்சத்தனம் காட்டுங்கள். அந்த அகன்ற இடத்தை இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, கடைசிவரை அதில் உளி வைக்காதீர்கள். முதுகின் நடுக்கோடும் அப்படித்தான். செதுக்கச் செதுக்க அழியும், உடனே திரும்ப வரைய வேண்டும். ஒரு வாத்துக்கு நான் பத்துப் பதினைந்து தடவையாவது வரைந்துவிடுவேன்.

பார்ப்பவர் கண் முதலில் போவது தலைக்கு. நேர் எதிரே பிடித்துப் பாருங்கள்: உச்சி ஒடுங்கி, கன்னம் புடைத்து, பேரிக்காய் போல இருக்க வேண்டும். அலகின் அடியிலிருந்து கண் வழியாகப் பின்னோக்கி ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். கண் உட்கார வேண்டிய இடம் அந்தப் பள்ளம். அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பொத்தான் போல ஒட்டினால் பொம்மையாகிவிடும். இரு கண்களும் ஒரே நேரில் அமைய ஒரு வழி உண்டு. தலைக்கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே, கண் புள்ளியில் மெல்லிய டிரில் பிட்டால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நேராகத் துளைத்துவிடுங்கள். உருட்டிய பிறகு அளந்தால் சரியாக வராது. மல்லார்டுக்கு 10 மி.மீ. கண்ணாடிக் கண் பொருந்தும்.

அலகு முறிவதற்குக் காரணம் நாரோட்டம். தலைக்கட்டையில் நார் மேலும் கீழுமாக ஓடியிருக்கும். தலையைத் தனிக் கட்டையில், நார் அலகின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். அப்போது பலவீனம் கழுத்துக்குப் போய்விடும். கழுத்துக்குள் ஒரு மர ஆணி இறக்கி உடலோடு பசை போட்டால் கவலையில்லை. ஒட்டும்போது தலையை 15, 20 டிகிரி ஒரு பக்கம் திருப்பி வையுங்கள், அதுவே பாதி உயிரைக் கொடுத்துவிடும். அலகு நுனி வடிவத்துக்கு வந்ததும் தண்ணீர் போல ஓடும் மெல்லிய வகை சூப்பர் குளூவை ஊறவிடுவது என் வழக்கம்.

உங்கள் பேட்டர்ன் எந்த வகை என்றும் பாருங்கள். அமெரிக்காவில் இந்தக் கலை வேட்டைக்கான போலி வாத்திலிருந்து வந்தது. நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கிடைத்த, கோரையால் கட்டிய வாத்துகள் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையானவை. வானில் போகும் பறவையை ஏமாற்றத் தடித்த அலகும் பருத்த உடலும் போதும். அந்த வகைப் படத்தை வைத்துக்கொண்டு தத்ரூபம் தேடினால் கிடைக்காது. பிரின்டர் படத்தைச் சுருக்கிவிடுவதும் உண்டு, அலகை அளந்தால் தெரிந்துவிடும். ஆண் மல்லார்டின் அலகு சுமார் 5.5 செ.மீ.

மரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பாஸ்வுட், டூபிலோ என்ற மென்மையான மரங்களில் செதுக்குகிறார்கள். நம் ஊரில் குமிழ் நன்றாக இழையும். தேக்கு வேண்டாம், உளி சீக்கிரம் மழுங்கும், எண்ணெய்ப் பசையால் பெயின்டும் சரியாகப் பிடிக்காது.

இறகு வரிகளைச் சூட்டுக்கோலால் இழுக்கும்போது வாலில் தொடங்கித் தலையை நோக்கி வாருங்கள், ஓடு வேய்வது போல. பெயின்டில் ஒரு எச்சரிக்கை: கழுத்தின் வெள்ளை வளையம் பிடரியில் மூடுவதில்லை, சிறிது இடைவெளி இருக்கும். முழு வட்டமாக அடித்துவிட்டால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போதுள்ள வாத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தலையை மட்டும் அறுத்துவிட்டு, இந்த முறையில் புதுத் தலை ஒன்று செய்து அதன்மேல் பொருத்திப் பாருங்கள்.