கியோட்டோ விருந்து – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஜூலையில் அலுவலக வேலையாகக் ஜப்பானின் கியோட்டோ போனபோது கைசெகி என்ற பாரம்பரிய விருந்துக்கு அழைத்துப் போனார்கள். இரண்டரை மணி நேரம், ஒன்று மாற்றி ஒன்றாகச் சின்னச் சின்னத் தட்டுகள். சோறு கடைசியில்தான் வந்தது. அழகுதான், ஆனால் அந்த விலைக்கு இது சாப்பாடா, கண்காட்சியா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

விருந்தின் நடுவே, மூடி போட்ட அரக்குக் கிண்ணத்தில் ஒரு தெளிந்த சூப் வந்திருக்குமே, நினைவிருக்கிறதா? என்னைக் கேட்டால் மொத்த விருந்தும் அதற்காகத்தான். அதற்கு முன் வருபவை நாக்கைப் பழக்குகின்றன.

சூப்பின் உயிர் தாஷி என்ற அடிச்சாறு. ஹொக்கைடோவின் கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசியைக் கொதிக்கவிடாமல், 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம்போல ஊறவைத்து எடுப்பார்கள். அப்புறம் சூட்டைக் கூட்டி, புகையூட்டிக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போட்டு உடனே வடிகட்டுவார்கள். இலங்கைச் சமையலில் போடும் மாசிக்கருவாட்டுக்கு இது நெருங்கிய உறவு. எண்ணெயும் மசாலாவும் இல்லாமலே வாய் நிறைகிறது. கொம்புவின் சுவைக்குக் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் காரணம் என்று 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா கண்டறிந்தார். மீனிலுள்ள இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருளோடு சேரும்போது அந்தச் சுவை பல மடங்காகிறது.

ஜூலை என்றால் கிண்ணத்தில் பெரும்பாலும் ஹாமோ இருந்திருக்கும், விலாங்கு மாதிரியான கடல்மீன். கியோட்டோ கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர். பனிக்கட்டி வசதியில்லாத காலத்தில், கோடையிலும் உயிரோடு வந்து சேர்ந்த மீன் என்பதால் ஜூலையில் நடக்கும் கியோன் திருவிழாவோடு அது ஒன்றிவிட்டது. உடம்பெல்லாம் பொடி முள், பிடுங்கித் தீராது. அதனால் தோல் அறுபடாமல், 3 சென்டிமீட்டருக்குள் 25 வெட்டுப்போல விழும்படி முள்ளோடு நறுக்குகிறார்கள். வெந்நீரில் இட்டதும் சதை வெள்ளைப் பூவாக விரியும். அந்த வெட்டு கைக்கு வர வருடக்கணக்காகும். உங்கள் கண்ணுக்கு அழகாகப் பட்டது அந்தக் கையின் வேலை. அதைக் கண்காட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலை அதிகம்தான், மறுக்கவில்லை.

சோற்றுக்கு வருகிறேன். தேநீர்ச் சடங்கில் பரிமாறும் கைசெகியில் சோறு முதலிலேயே வந்துவிடும். நீங்கள் சாப்பிட்டது உணவக முறை. அதில் பதார்த்தங்கள் சாக்கே மதுவுக்குத் துணை என்பதால் சோறும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் ஊறுகாயும் கடைசிக்குப் போய்விட்டன. வயிறு நிறையவில்லை என்றால் அப்போது இன்னொரு கிண்ணம் சோறு கேட்கலாம், கூச்சமே வேண்டாம்.