சிறுவர் விளையாட்டுக் கதையில் நட்பையும் கூட்டாட்டத்தையும் போதனையாக இல்லாமல் எப்படிச் சொல்வது?

ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். பாடம் முடிந்ததும் கதை கேட்பார்கள். ஒருமுறை கால்பந்துக் கதை ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். பாதிகூடப் படிக்கவில்லை, முன்வரிசைப் பையன் கேட்டான்: "கடைசி நிமிஷத்துல கோல் போட்டுருவாங்க, அதானே ஐயா?" அதைத்தான் எழுதியிருந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் தெருவில் சாயங்காலம் ஆடும் சின்லோனை ஒழுங்காகக் கவனித்தேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரம்பில் பின்னிய பந்து. ஆறு பேர் வட்டமாக நடந்துகொண்டே அதைப் பாதம், குதிகால், முழங்கால் என்று தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருப்பார்கள். கை படக்கூடாது. ஒருவர் நடுவில் நின்று வித்தை காட்ட, மற்றவர்கள் அவருக்குப் பந்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். எதிரணி கிடையாது. விழுந்தால் முதலிலிருந்து. (2013இல் மியான்மரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இதற்கும் புள்ளி போட்டுப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் புள்ளியை யார் எண்ணுகிறார்கள்!)

சரி, எதிரணி இல்லாமல் கதையை எதை வைத்து நகர்த்துவது? பந்து விழுவதை வைத்துத்தான். கொடுத்தவன் பிசகா, வாங்கினவன் பிசகா? என் கதையில் இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் முதுகுக்குப் பின்னால் குதிகாலால் தட்டும் வித்தைக்காரன். மற்றவனுக்கு வித்தை எதுவும் வராது, ஆனால் அவன் தட்டினால் 'டக்' என்று ஒரே சத்தம், பந்து சரியாக எதிரே நிற்பவனின் முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கும். அவன் மோல்மேனுக்குப் பாட்டி வீட்டுக்குப் போன வாரம், வித்தைக்காரனால் நாலு தட்டுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டான். பஸ் திரும்பி வரும் நாளில், கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் பந்தோடு நிறுத்தத்தில் நிற்பான். அவ்வளவுதான் கதை.

முதல் பிரதியில் "நட்பு" என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்தையும் அடித்தேன். நீங்கள் கபடியை எழுதினாலும், பிடித்த பிடியைவிட, பாடி வருபவனுக்காகக் கைகோத்து நிற்கும் இருவரின் விரல்களை எழுதுங்கள்.

இந்தக் கதையைப் படித்தபோது அதே முன்வரிசைப் பையன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மட்டும் கேட்டான்: "அவன் பாட்டி வீட்டுலயே தங்கிட்டா என்ன பண்ணுவான் ஐயா?"