சிலிண்டர் இல்லாமல், கேமராவோடு: கேள்வி பதில்

ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு முங்குவது) பழகியவர்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முங்கவும் நீருக்கடியில் படம் எடுக்கவும் ஆசைப்பட்டுக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதுதான் ஸ்கூபாவில் முதல் பாடம். இப்போது அடக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் கிழிந்துவிடாதா?

கிழியாது. மேலே இழுத்த அதே காற்றோடுதான் இறங்குகிறீர்கள். 10 மீட்டரில் அது பாதியாகச் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரியாது. ஸ்கூபாவிலோ அதே 10 மீட்டரில் நெஞ்சு நிறைய அழுத்தக் காற்றை இழுத்திருப்பீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். அதனால், மூச்சடக்கி கீழே இருக்கும்போது ஸ்கூபா நண்பர் ஆசையாக ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை இழுக்கும் வாய்க்கருவி) நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டாலும் மூச்சை விட்டுக்கொண்டேதான் மேலே வர வேண்டும்.

ஸ்கூபாவில் மூக்கைப் பிடித்து ஊதினால் அழுத்தம் சமமாகி காது உடனே திறந்துகொள்ளும். தலைகீழாக இறங்கும்போது சில மீட்டரிலேயே வலி வந்துவிடுகிறது.

நெஞ்சிலிருந்து ஊதும் முறை தலைகீழாக எடுபடுவதில்லை. நாக்கால் தள்ளும் ஃப்ரென்சல் முறையைக் கரையிலேயே பழகுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை அடைத்து, நாக்கின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி, அடிநாக்கை மேலே எழுப்புங்கள். இன்னொரு கையை வயிற்றில் வையுங்கள். வயிறு அசையாமல் காது 'டொக்' என்று திறந்தால் சரி. வயிறு இறுகினால் இன்னும் நெஞ்சிலிருந்துதான் ஊதுகிறீர்கள். தண்ணீரில் வலிக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே, அடிக்கடி செய்யுங்கள். காது திறக்கவில்லையா, அன்றைக்கு அந்த ஆழம் போதும், திரும்பிவிடுங்கள்.

முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கூடுதல் நேரம் கீழே இருக்க முடிகிறதே, அப்படிச் செய்யலாமா?

கூடவே கூடாது. சாதாரணமாக மூச்சு விடும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் குறைவது கார்பன் டை ஆக்சைடு. 'மூச்சு முட்டுகிறது, மேலே போ' என்று உடம்பைத் தூண்டுவதே அதுதான். எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு ஆக்சிஜன் தீர்வதைக் கவனிக்காமல் இருப்பது போன்றது இது. மேலே ஏறும்போது, அதுவும் கடைசி 10 மீட்டரில், அழுத்தம் பாதியாகிவிடும். இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் மூளைக்குப் போதாமல், முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். நீச்சல் குளத்திலும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

ஒருவர் முங்கினால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். தலை வெளியே வந்த பிறகும் முப்பது நொடி அவர் முகத்தையே பாருங்கள். மேலே வந்தபின் மயங்குகிறவர்கள் பலர். நினைவு தப்பினால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தில் ஊதி, தட்டி, பெயர் சொல்லி அழையுங்கள். அதற்கும் மூச்சு வராவிட்டால் செயற்கை சுவாசம் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் போதாது, பயிற்சி வகுப்புக்குப் போங்கள்.

எடை பெல்ட் ஸ்கூபாவுக்குப் போட்ட அளவே போடலாமா?

வேண்டாம், குறையுங்கள். மூச்சை வெளியே விட்ட பிறகும் மேலே மிதக்க வேண்டும்.

காலையில் ஸ்கூபா, மாலையில் மூச்சடக்கி முங்கலாமா சார்?

அக்கா என்றே கூப்பிடுங்கள். ஸ்கூபா முடிந்த உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். அதோடு திரும்பத் திரும்ப முங்கி வேகமாக மேலே வருவது ஆபத்து. மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை எப்போது கையில் எடுக்கலாம்?

காது, திரும்பும் நேரம், மேலே வந்து மூச்சு வாங்குவது எல்லாம் யோசிக்காமலே வரும்போது. அதற்கு முன் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வியூஃபைண்டருக்குள் ஒரு ஆமை திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் மூச்சு முட்டுவது மனதுக்கே எட்டாது. 'இன்னும் ஒரே ஒரு படம்' என்று தோன்றும் இடத்தில்தான் உயிர் போகிறது. எப்போது திரும்புவது என்பதை மேலே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள், கீழே பேரம் பேசாதீர்கள். இரண்டு பேரிடமும் கேமரா இருந்தால் மாற்றி மாற்றி எடுங்கள். மேலே நிற்பவர் கையில் கேமரா இருக்கக் கூடாது. கீழே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுங்கள். எடுத்த படத்தை அந்த ஓய்வில், மற்றவர் கீழே இல்லாதபோது மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் படமும் நீலமாக, மங்கலாக வருகிறது. ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்) வாங்கினால் சரியாகுமா?

முதலில் கிட்டே போங்கள். தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். 5 மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும். ஆழம் மட்டும் கணக்கில்லை, உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரும் நிறத்தைத் தின்னும். வைட் லென்ஸ் போட்டு ஒரு மீட்டருக்குள் போனால் பாதிச் சிக்கல் தீரும். மூச்சடக்கி முங்குபவருக்கு ஸ்ட்ரோப் பெரும்பாலும் சுமைதான். அதன் நீண்ட கைகள் தண்ணீரை இழுத்து வேகத்தைக் கெடுக்கும். 10 மீட்டருக்குள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி, ரா வடிவில் (பின்னால் நிறத்தைத் திருத்த வசதியான கோப்பு) எடுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ என்று மேலேயே வைத்துவிட்டால் கீழே போய்ப் பட்டன் தேட வேண்டாம்.

ஹவுசிங்கில் (கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டி) தண்ணீர் புகாமல் இருக்க?

அதன் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை நல்ல வெளிச்சத்தில் விரலால் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடியோ மணல் துகளோ இருந்தால் நெருடும். கிரீஸ் மினுமினுக்கும் அளவுக்குப் பூசினால் போதும், அப்பினால் மணல்தான் ஒட்டும். புது ஹவுசிங்கை முதல்முறை கேமரா இல்லாமல் இறக்கிப் பாருங்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, பட்டன்களை அதற்குள்ளேயே அழுத்திவிடுங்கள். உப்பு காய்ந்தால் பட்டன் இறுகிவிடும்.

கிட்டே போனால் மீன் ஓடிவிடுகிறதே அக்கா?

நேராக மேலிருந்து பாய்வதால்தான். பக்கவாட்டில் சற்றுத் தள்ளி இறங்கி, அதனுடைய மட்டத்துக்கு வந்து, வேறெங்கோ பார்ப்பது போல இருங்கள். குமிழிச் சத்தம் இல்லாததால் பல மீன்கள் தாமே எட்டிப் பார்க்கும். வராவிட்டால் துரத்தாதீர்கள், துரத்தினால் வால்தான் படத்தில் விழும், உங்கள் ஆக்சிஜனும் கரையும். அப்புறம், காலில் மாட்டும் நீள ஃபின் எங்கே இடிக்கிறது என்று பழகும்வரை பவளப்பாறைக்கு மேல் படம் எடுக்காமல் மணல் தரைக்கு மேலேயே எடுத்துப் பழகுங்கள்.