குதிக்கிற சத்தத்தக் கேளுங்க: பிள்ளைங்க ஆட்டம் பத்தி பி.டி. டீச்சரோட கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோரத்துப் பள்ளிக்கூடங்கள்ல 26 வருஷம் பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். பிள்ளைங்க குதிக்கிற ஆட்டம், பேலன்ஸ் பத்தி நீங்க அனுப்புன கேள்விக்கு தெரிஞ்சத சொல்றேன்.

மண்டபத்துல இருந்து: டீச்சர், மகனுக்கு இந்த மாசம் 4 முடிஞ்சிருச்சு. ரெண்டு காலும் சேத்து நல்லா குதிக்கிறான், ஆனா ஒத்தக் கால்ல ஒரு தடவகூட வரல. எதுத்த வீட்டுப் பிள்ள அதே வயசு, நொண்டியடிச்சே தெருவச் சுத்துது. பயப்படணுமா?

பயப்பட ஒண்ணுமில்லம்மா. ரெண்டு ரெண்டரை வயசுல ரெண்டு காலும் தரையவிட்டுக் கெளம்பும், மூணுல ஒத்தக் கால்ல ஒரு நொடி ரெண்டு நொடி நிக்கும், நொண்டி அடிக்கிறது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல எப்ப வேணா வரும். குதி குதின்னு வெரட்டாதீங்க, மொதல்ல நிக்கட்டும். டவுசர் போடுறப்ப செவுத்தப் பிடிக்காம போடச் சொல்லுங்க, அதுவே பாதிப் பயிற்சி. அப்புறம் உங்க ரெண்டு வெரலப் பிடிச்சுக்கிட்டு குதிக்கட்டும், பெறகு ஒரு வெரல், அதுக்கும் பெறகு துண்டோட ஒரு முனைய அவன் பிடிக்க மறுமுனைய நீங்க பிடிங்க. துண்டு ஒண்ணையும் தாங்காது, ஆனா அது அவனுக்குத் தெரியாதுல்ல! அஞ்சு முடிஞ்சும் வரலன்னா, இல்ல முன்னாடி செஞ்சது இப்ப முடியாமப் போச்சுன்னா, தரையில இருந்து எந்திரிக்க தொடையில கைய ஊன்றி ஊன்றி ஏறுறான்னா, டாக்டர்ட்ட காட்டிருங்க, அதத் தள்ளிப்போடாதீங்க.

கீழக்கரையில இருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். மகளுக்கு 7 வயசு, எந்நேரமும் வெறும் பாண்டிதான், தரையில கட்டம் போட்டு நொண்டியடிக்கிற ஆட்டம். ஸ்கேட்டிங் கிளாஸ்ல சேருன்னு அவ வாப்பா சவுதியில இருந்து சொல்றாங்க.

வ அலைக்கும் ஸலாம்மா. சேத்துவிடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பாண்டிய 'வெறும்'னு சொன்னா எனக்குக் கோவம் வரும். ஒருநாள் வாசப்படியில உக்காந்து முழு ஆட்டத்தப் பாருங்க. ஓட்டுச்சில்லு கோட்டுல படாம கட்டத்துக்குள்ள விழணும், அதுல கையும் கண்ணும் சேந்து வேல செய்யுது. நொண்டியடிச்சுப் போயி சில்லு கெடக்குற கட்டத்த மட்டும் தாண்டணும். திரும்பி வரையில ஒத்தக் கால்ல நின்னபடியே குனிஞ்சு எடுக்கணும் பாருங்க, அந்த எடந்தான் ஆட்டத்துக்கு உசுரு, கணுக்கால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடுங்கி நடுங்கி தானே சரி பண்ணிக்கும். கடைசியில மேல பாத்துக்கிட்டு "ரைட்டா ரைட்டா"ன்னு கேட்டுக் கேட்டு கட்டங்கட்டமா நடப்பாளுகளே, அப்ப தரையப் பாக்க கண்ணு கெடையாது. விழாம நிக்கிறதுக்கு கண்ணு ஒண்ணு, உள்காதுல இருக்கிற பேலன்ஸ் உறுப்பு ஒண்ணு, பாதத்துலயும் மூட்டுலயும் இருந்து மூளைக்குப் போற சேதி ஒண்ணு, இந்த மூணும் வேணும். கண்ணு லீவு போட்டா மத்த ரெண்டும் டபுள் டியூட்டி பாக்கணும். ஒண்ணே ஒண்ணு, பிள்ளைங்க எப்பவும் வசதியான கால்லயே நொண்டும், அதனால ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் கால மாத்தச் சொல்லுங்க.

தேவிபட்டினத்துல இருந்து: மாடியில குதிக்கலாமா, கடக்கர மணல்லயா?

ரெண்டுலயும் ஆடலாம். காஞ்ச மணல்ல கால் பொதையும், அதிர்ச்சி கம்மி, ஆனா கெண்டக்கால் சீக்கிரம் சோந்துரும், பழகாத பிள்ள கணுக்கால மடக்கிக்கும். அல வந்துட்டுப் போன ஈர மணல் இருக்குல்ல, அதான் நல்ல தரை. ஆடுறதுக்கு முன்னாடி ஒரு நட நடந்து தூண்டி முள்ளு, பாட்டில் சில்லு, கருவ முள்ளு கெடக்கான்னு பாத்துருங்க. மாடி சிமெண்டுன்னா கண்ண மூடிக்கிட்டு சத்தத்தக் கேளுங்க. 'தொம்'முன்னு விழுந்தா முட்டிய மடக்காம எறங்குறான்னு அர்த்தம். "பூன மாதிரி எறங்கு, எனக்குக் கேக்கக் கூடாது"ன்னு சொல்லிப் பாருங்க, முன்பாதம் பட்டு முட்டி தானா மடங்கும். முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒட்டாம இருக்கான்னும் பாருங்க. நான் வருஷக்கணக்கா எம்புட்டு ஒசரம் தாண்டுறான்னு மட்டும் பாத்தவ, எறங்குறதக் கவனிச்சிருந்தா எத்தனையோ சுளுக்கத் தடுத்திருக்கலாம்.

தொண்டியில இருந்து ஒரு தாத்தா: பச்சக்குதிர இப்ப யாரும் ஆடுறதில்லையே, பேரன்களுக்கு சொல்லிக்குடுக்கலாமா?

சொல்லிக்குடுங்கய்யா. ஆனா குனிஞ்சு நிக்கிறவன் தலைய நல்லா உள்ள இழுத்துக்கிடணும், தாண்டி முடிக்கிற வரைக்கும் நிமிரவே கூடாது. என் கண்ணு முன்னாடியே ஒருத்தன் பாதியில நிமிந்துட்டான், தாண்டுனவன் கைய ஊன்றி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு, விசில ஊதக்கூட எனக்கு நேரமில்ல. மொதல்ல கால்வெரலப் பிடிச்ச ஒசரம், அப்புறம் கணுக்கால், அப்புறந்தான் முட்டி. ஒரே அளவுப் பிள்ளைங்கள சேத்து விடுங்க.

ராமேஸ்வரத்துல இருந்து: டிராம்போலின் வாங்கலாமா டீச்சர்?

6 வயசுக்குக் கீழ வேணாம். அதுக்கு மேலன்னாலும் ஒரு நேரத்துல ஒரு பிள்ளதான், ரெண்டு மூணு பேரு ஏறுறப்பதான் பெரும்பாலும் அடிபடுது. எனக்குக் கேட்டா அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்குங்க.

வாலிநோக்கத்துல இருந்து: 12 வயசுப் பையன், லாங் ஜம்ப் போறான், முட்டிக்குக் கீழ புடச்சு வலிக்குதுங்கிறான். நடிப்பா?

நடிப்பு இல்ல தம்பி. வளர்ற வயசுல முட்டிக்குக் கீழ தசைநார் எலும்புல ஒட்டுற எடம் இழுபட்டு வலிக்கும், நெறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதான். குதிக்கிறதக் கொறச்சு, வலி தாங்குற அளவுக்கு நடக்க நீந்த விடுங்க, ஐஸ் வைங்க. விந்தி நடந்தாலோ ராத்திரி வலியில முழிச்சாலோ டாக்டர்தான்.

பாம்பன்ல இருந்து: 6 வயசு மகளுக்கு ஸ்கிப்பிங் வரவே மாட்டேங்குது, கயிறு கால்ல மாட்டி அழுகுறா. அலையத் தாண்டுறது மட்டும் பிடிக்குது.

கயித்தக் கையில குடுக்கிறதுதான் தப்பு. கயிறு சுத்துறது, குதிக்கிறதுன்னு ரெண்டு வேலைய ஒண்ணா செய்ய இன்னும் பழகல, பெரும்பாலும் ஏழு வாக்குல வந்துரும். மொதல்ல கயித்தத் தரையில போட்டு நீங்க பாம்பு மாதிரி ஆட்டுங்க, அவ மிதிக்காமத் தாண்டட்டும். அப்புறம் ரெண்டு பேரு பிடிச்சு தொட்டில் மாதிரி லேசா அசைங்க, முழுச் சுத்து கடைசியில. தனிக் கயிறு வாங்குறப்ப நடுவுல மிதிச்சா பிடி அக்குளுக்கு வரணும், அதான் அளவு. பழைய வலைக்கயிறு வேணாம், சுள்ளுன்னு அடிக்கும்.

அல தாண்டுறது நல்ல ஆட்டம், அல எப்ப வரும்னு பாத்து குதிக்கணும்ல. கணுக்கால் தண்ணிக்கு மேல விடாதீங்க, கடலுக்கு முதுகக் காட்டி நிக்க விடாதீங்க, நீங்க கைக்கெட்டுற தூரத்துல நில்லுங்க, போன் பையில கெடக்கட்டும். கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்துல தென்கடலும் (மன்னார் வளைகுடா), வாடைங்கிற வடகிழக்குக் காத்துல வடகடலும் (பாக் ஜலசந்திப் பக்கம்) முரண்டு பிடிக்கும், அந்தந்த நேரத்துல அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க. சொறி, அதான் ஜெல்லி மீனு, கரையில ஒதுங்கிக் கெடந்தா செத்ததுன்னு நெனச்சு மிதிச்சிராம, அன்னைக்கி வீட்டு வாசல்ல பாம்புக் கயிறே ஆடுங்க.