கோ-லைவுக்கு மறுநாள் யார் இருப்பார்கள்? (கேள்வி பதில்)

கே: எங்கள் கம்பெனி ப்ராஜெக்ட் முறையிலிருந்து ப்ராடக்ட் முறைக்கு மாறுகிறதாம். என்ன வித்தியாசம் சார்?

ப: ப்ராஜெக்டில் வேலைக்குப் பணம் ஒதுக்கி ஆள் சேர்ப்பார்கள், கோ-லைவ் (பயன்பாட்டுக்குத் திறப்பது) முடிந்ததும் கேக் வெட்டி, கேடி (அடுத்த ஆளுக்கு வேலையை விளக்கி ஒப்படைப்பது) கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். ப்ராடக்டில் டீம் கலையாது. வருஷத்துக்கு இவ்வளவு என்று டீமுக்கே பணம் வரும். நிஜமாகவே மாறுகிறார்களா என்று தெரிய வேண்டுமா? பணம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள்.

கே: தேதி, ஸ்கோப் (என்னென்ன செய்ய வேண்டும் என்ற எல்லை) இரண்டும் உறுதியாக இல்லாவிட்டால் வேலை எப்படி நடக்கும்?

ப: தேதி உறுதியாக இருந்த ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்க அரசின் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ், சொன்ன தேதியில், 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. ஒப்பந்த நிறுவனங்கள் 50-க்கும் மேல். முதல் நாள் பதிவை முடித்தவர்கள் 6 பேர்! அவரவர் துண்டை அவரவர் ஒப்படைத்தார்கள். முழுத் தளத்துக்கும் பொறுப்பாளி இல்லை. விலையைப் பார்க்கவே முதலில் கணக்கு தொடங்க வேண்டும் என்று வைத்திருந்ததால் வாசலிலேயே நெரிசல். மீட்க வந்தவர்கள் பார்த்தால், தளம் எப்படி ஓடுகிறது என்று காட்ட ஒரு டாஷ்போர்டுகூட இல்லை. அதை அமைத்துவிட்டு, தினமும் காலை, மாலை கூட்டம் போட்டார்கள். அங்கே பழி போடக் கூடாது. பதவியில் பெரியவர் இல்லை, விஷயம் தெரிந்தவர்தான் பேச வேண்டும். என் கணக்கில் அது ப்ராடக்டாக மாறியது அந்த அறையில்தான்.

கே: எங்கள் சின்ன டீமுக்கு ஸ்குவாட், பல ஸ்குவாட் சேர்ந்ததற்கு ட்ரைப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாறிவிட்டோமா?

ப: பாட்டு ஆப் ஸ்பாட்டிஃபை தன் டீம்களை இப்படி அழைப்பது பற்றி 2012-ல் ஒரு கட்டுரை வந்ததிலிருந்து ஊரெல்லாம் ஸ்குவாட்தான். பணம் யார் பெயரில் வருகிறது?

கே: இந்தச் செலவை கேபெக்ஸில் (மூலதனச் செலவாக) காட்டலாமா?

ப: ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கே: ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை போய்விடுமா?

ப: இதையே நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். வேலை போகாது, எக்செல் ஷீட் போகும்.

கே: ஃபிக்ஸட் பிட் (முன்கூட்டியே பேசிய ஒரே விலைக்கு வேலை) எடுக்கும் சர்வீஸ் கம்பெனிக்கு இது ஒத்துவருமா?

ப: பெரும்பாலும் வராது.

கே (குறுக்கே இன்னொருவர்): தப்பு சார். ஒரே க்ளையண்டுக்கு ஆறு வருஷமாக அதே டீம்.

ப: எதைக் கட்டுவது என்று முடிவு செய்வது யார்?

கே: க்ளையண்ட். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுப்பது நாங்கள்தானே?

ப: சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். கட்டியவர்களே ஓட்டவும் வேண்டும் என்று அமேசானின் வெர்னர் வோகல்ஸ் 2006-லேயே சொன்னார். நீங்கள் ஓட்டுகிறீர்கள், ஸ்டியரிங் க்ளையண்டிடம்.

கே: ப்ராடக்ட் கம்பெனியில் மட்டும்? அங்கே ஸ்டியரிங் சேல்ஸ் ஆளிடம்தானே சார்?

ப: இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தவர்.

கே: ஜிரா (வேலைகளைப் பட்டியல் போட்டுக் கண்காணிக்கும் டூல்) போதுமா, வேறு டூல் வாங்கணுமா?

ப: வெள்ளைப் பலகையே போதும். பணம் யார் பெயரில்... விடுங்கள்.

கே: சார், லேட்டாக வந்தேன். ப்ராஜெக்டுக்கும் ப்ராடக்டுக்கும் என்ன வித்தியாசம்?

ப: மேலே போய் முதல் கேள்வியைப் படியுங்கள் தம்பி.