சாமான் கட்டித் தூரம் போகிற சைக்கிளுக்கு எந்த றிம்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கல்முனை: அண்ணே, கரியரில் பாரம் ஏற்றினால் பின்சில்லுக் கம்பி அறுந்து போகிறது. விலை கூடின றிம் போட்டால் சரிவருமா?

றிம் மட்டும் மாற்றிச் சரிவராது தம்பி. கம்பி அறுவது பெரும்பாலும் அது தளர்ந்து கிடப்பதால்தான். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு விடுபட்டு, சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் முறியும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் தட்டிப் பாருங்கள், சத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பின்சில்லில் சங்கிலி ஓடும் பிரீவீல் பக்கத்தில் இறுக்கம் கூடத்தான் இருக்கும், அது பிழையில்லை. கம்பிக்கு 36 ஓட்டை உள்ள, இரட்டைச் சுவர் (இரண்டு அடுக்கு) அலுமினிய றிம் எடுத்து, சில்லின் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காசு குறைவென்றால் பின்சில்லை மட்டும் மாற்றுங்கள். பாரம் அதில்தானே.

அக்கரைப்பற்று: வாப்பாவின் பழைய சைக்கிளில் இரும்பு றிம். பொத்துவில், பானமை போகலாமா?

தாராளமாக. ஆனால் மழையில் இரும்பு றிம்மில் பிரேக் வழுக்கும், கடற்காற்றில் துருவும் பிடிக்கும். ரயரில் 28 × 1½ என்றிருந்தால் றிம் அளவு 635 மில்லிமீற்றர். 700சி என்ற இன்னோர் அளவு ரயருக்கு 622. இரண்டும் ஒன்றென்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

காத்தான்குடி: காக்கா, 26 அங்குலமா, 700சியா?

கிறவல் பாதைக்கு 26. சின்னச் சில்லு, அதே எண்ணிக்கைக் கம்பியோடு கூடப் பலம். றிம்மின் உள் அகலம் 19 முதல் 25 மில்லிமீற்றர் இருந்தால் தடித்த ரயர் நன்றாக உட்காரும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதென்றால் சன் ரிங்லே கம்பனியின் ரைனோ லைட், ரைட் கம்பனியின் அன்ட்ரா என்ற றிம்கள் இரண்டும் பாரம் தாங்குகிறவை.

செங்கலடி: கண்டி போய்த் திரும்பும்போது மகியங்கனைப் பதினெட்டு வளைவில் றிம் கொதிக்கிறது. ஆபத்தா?

ஆபத்துத்தான். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் காற்றழுத்தம் ஏறி ரியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகம் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். இடையில் நின்று ஆறவிடுவதில் வெட்கமில்லை.

றிம் பிரேக் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பிரேக் கட்டை உரசும் றிம் சுவர் தேய்ந்துகொண்டே வரும். மழையில் மண்ணும் சேர்ந்தால் அரம் போட்டதுதான். இரும்பு அடிமட்டத்தைச் சுவரில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. சில றிம்களில் இதற்கென்றே சிறு பள்ளமோ கோடோ இருக்கும், அது மறைந்தால் றிம்மும் முடிந்தது. டிஸ்க் பிரேக்குக்கு இந்தக் கவலையில்லை.

கல்லடி: கம்பியை றிம்மில் இறுக்கும் நிப்பிள் அலுமினியம் நல்லதா?

கடலோரத்தில் வேண்டாம் தங்கச்சி. உப்பில் அரித்துக் கம்பியோடு இறுகிவிடும், பிறகு சாவி போட்டால் உடையும். பித்தளை நிப்பிள், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.